மூங்கில் மரமான கதை

ஆனேக்கல்லில் இருந்து தளி போகும் சாலையில் ஓர் ஓரமாகக் கூடை முடையும் குடும்பம் ஒன்று உட்கார்ந்திருக்கும். மேதரர்கள். தலைமுறை தலைமுறையாக மூங்கிலை நம்பிப் பிழைப்பவர்கள். பசவண்ணர் காலத்து வசனகாரர்களில் ஒருவரான கேதய்யா தங்கள் இனத்தவர் என்று அவர்களுக்குப் பெருமை உண்டு. பெருமை சோறு போடுவதில்லை. முன்பெல்லாம் பட்டுப்புழு வளர்ப்பவர்களுக்குச் சந்திரிகை முடைந்து கொடுத்து ஓரளவு சம்பாதித்தார்கள். புழு கூடு கட்டுவதற்காக வைக்கும் வட்டத் தட்டுதான் சந்திரிகை. இப்போது அதுவும் பிளாஸ்டிக்கில் வருகிறது. மிச்சம் இருப்பது முறமும் கல்யாணக் கூடையும்தான்.

அந்தக் குடும்பத்தின் பாட்டிக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். எல்லைத் தாலுகா என்பதால் கன்னடம், தெலுங்கு, தமிழ் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் பேசுவார். “மூங்கில் எங்கிருந்து வருகிறது, அஜ்ஜி?” என்று கேட்டேன். “டெம்போவில் வருது” என்றார். சின்ன வயதில் பன்னேர்கட்டா பக்கத்துக் காட்டிலிருந்து தலைச்சுமையாகக் கொண்டு வந்ததும், பிறகு கார்டுகள் விரட்ட ஆரம்பித்ததும் அவருக்கு நேற்று நடந்தது போல நினைவிருக்கிறது. “மாடு தின்னுது, யானை தின்னுது. நாங்க வெட்டினா மட்டும் மரத்தைத் திருடிட்டோம்னு சொல்றாங்கம்மா. மூங்கில் எப்போ மரமாச்சு?”

எம்.ஏ.வில் தொல்காப்பியம் படித்த யாருக்கும் இந்தக் கேள்வி சுருக்கென்று தைக்கும். வயிரம் வெளிப்புறத்தில் இருந்தால் புல், உள்ளே இருந்தால் மரம் என்று மரபியலில் தொல்காப்பியர் பிரித்துவிட்டார். மூங்கில் புல்தான். இன்றைய தாவரவியலும் அதையேதான் சொல்கிறது. ஆனால் 1927ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டத்தில் ‘மரம்’ என்ற சொல்லுக்கான விளக்கத்தைப் பாருங்கள்: பனை வகைகள், மூங்கில், அடிக்கட்டை, புதர், பிரம்பு எல்லாம் அதில் அடக்கம். அடிக்கட்டையையும் புதரையும் மரமாக்கிய கைக்கு மூங்கில் எம்மாத்திரம்? இந்த விளக்கம் கம்பெனிகள் கேட்டு எழுதப்பட்டதல்ல. காட்டில் விளையும் எதுவும் கஜானாவைத் தப்பிவிடக் கூடாது என்பது வெள்ளைக்கார அரசின் கவலை. ஆனால் அந்த விளக்கத்தால் பிற்காலத்தில் யார் வாழ்ந்தார்கள் என்பது வேறு கதை.

அந்தச் சட்டத்துக்கு இரண்டாண்டுகளுக்கு முன்னால், 1925ல், மூங்கில் காகிதத் தொழில் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று வந்தது. மூங்கில் கூழிலிருந்து காகிதம் செய்ய முனைந்த ஆலைகள் வெளிநாட்டுக் காகிதத்தோடு போட்டிபோட முடியவில்லை என்று சுங்க வாரியத்தின் முன் முறையிட்டன. வாரியம் விசாரித்தது. இறக்குமதிக் காகிதத்தின் மீது கூடுதல் வரி போட்டார்கள். தவறு என்று நான் சொல்லவில்லை. சொந்த நாட்டுத் தொழிலைக் காப்பாற்ற வேண்டும் என்பது அன்று தேசபக்தர்களின் கோஷமும்கூட. நமக்கு வேண்டியது இவ்வளவுதான்: காகித ஆலைகள் அரசாங்கத்தின் கதவைத் தட்டக் கற்றுக்கொண்டு ஏறக்குறைய நூறாண்டுகள் ஆகின்றன. கூடை முடைபவர்கள் சார்பில் அந்த வாரியத்தின் முன் யாரும் போய் நிற்கவில்லை.

‘லாபி’ என்ற சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பது என் போன்ற மொழிபெயர்ப்பாளர்களுக்குத் தீராத தலைவலி. ‘ஆதரவு திரட்டல்’ என்றால் ஓட்டு கேட்பது போல இருக்கிறது. ‘தரகு’ என்றால் லஞ்ச வாடை அடிக்கிறது. ‘காய் நகர்த்தல்’ சினிமாத்தனம். இந்தத் தடுமாற்றத்துக்குக் காரணம் உண்டு. நம் ஊரில் ஒரு தொழிலதிபர் அமைச்சரைப் பார்த்தார் என்றாலே பெட்டி கைமாறியது என்றுதான் நினைக்கிறோம். பெட்டி கைமாறாமல், மனுவும் மாநாடும் விருந்தும் புள்ளிவிவரமுமாகச் சட்டத்துக்குட்பட்டு நடக்கும் காரியத்துக்கு நம்மிடம் சொல் இல்லை. சொல் இல்லாததால் அது நம் கண்ணிலும் படுவதில்லை. காட்டுப் பொருள் தொழிலைப் பொறுத்தவரை பெரிய லாபங்கள் இந்த இரண்டாவது வழியில்தான் கிடைத்தன.

தாண்டேலியை எடுத்துக்கொள்வோம். வட கன்னட மாவட்டத்தில், காளி நதிக்கரையில் ஐம்பதுகளின் இறுதியில் வெஸ்ட் கோஸ்ட் காகித ஆலை வந்தது. ஆலைக்கு மூங்கில் தருவதாக அன்றைய மைசூர் அரசு ஒப்பந்தம் செய்தது. விலை? டன்னுக்கு ஒன்று, ஒன்றரை ரூபாய் என்ற கணக்கு. அதே மூங்கிலுக்குக் கூடை முடைபவன் சந்தையில் பல நூறு மடங்கு விலை கொடுத்தான். இது ஒரு மாநிலத்தின் விசித்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். 1958ல் கேரளத்தில் பிர்லாக்களின் ரேயான் கூழ் ஆலையை மாவூருக்கு வரவழைத்த ஒப்பந்தத்தில் மூங்கில் டன் ஒரு ரூபாய். கையெழுத்திட்டது இ.எம்.எஸ். நம்பூதிரிபாட்டின் கம்யூனிஸ்ட் அரசு! அவர்களை யாரும் விலைக்கு வாங்கவில்லை. வேலை வேண்டும், தொழிற்சாலை வேண்டும், கொடுக்காவிட்டால் அடுத்த மாநிலத்துக்குப் போய்விடுவார்கள். இந்த ஒரு பயம் போதும். ‘போய்விடுவோம்’ என்பதைப் போல மலிவான, வலிமையான ஆயுதம் தொழிலதிபர்களிடம் வேறில்லை. (மாவூர் ஆலை சாலியாறைப் பாழாக்கி, பல ஆண்டு மூடிக் கிடந்து, மறுபடி திறந்து, 1999ல் உற்பத்தியை நிறுத்தியது. அது தனிக் கட்டுரைக்கு உரியது.)

தமிழ்நாட்டுக்காரர்கள் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. சிறுமுகையில் இருந்த விஸ்கோஸ் ஆலைக்காக நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலும் புல்வெளிகளில் வாட்டிலும் தைல மரமும் நட்டவர்கள் நாம். ஆலை மூடிவிட்டது. வாட்டில் மரங்கள் மட்டும் யாரையும் கேட்காமல் இன்னும் பரவிக்கொண்டிருக்கின்றன.

ஒன்றரை ரூபாய் மூங்கிலின் பலன் பதினைந்து ஆண்டுகளில் தெரிந்துவிட்டது. எழுபதுகளின் நடுவில் மேதரர்கள் தங்களுக்கு மூங்கில் கிடைக்கவில்லை என்று போராடினார்கள். ஆலை பழியை மாடு மேய்ப்பவர்கள்மேல் போட்டது. கர்நாடக அரசு இந்திய விஞ்ஞானக் கழகத்தில் இருந்த மாதவ் காட்கிலை ஆராயச் சொன்னது. அவர் காட்டுக்குள் போய்ப் பார்த்தபோது இரண்டு விஷயங்கள் தெரிந்தன. முதலாவது, ஆலைக்கு ஒதுக்கீடு செய்வதற்கு ஆதாரமாக வைத்திருந்த மூங்கில் கையிருப்புக் கணக்கு உண்மையில் இருந்ததைவிடப் பல மடங்கு அதிகம். காகிதத்தில் வளர்ந்த மூங்கில் அது. இரண்டாவது எனக்கு மிகவும் பிடித்தது. புதரின் அடியில் முள் அடர்ந்திருந்தால் மூங்கில் நன்றாக வளராது என்பது வனத்துறையின் சித்தாந்தம். ஆகவே ஆட்களை வைத்து அடிமுள்ளைச் சுத்தம் செய்தார்கள். அந்த முள்தான் குருத்துக்கு வேலி. சுத்தம் செய்த இடத்தில் மாடும் குரங்கும் காட்டு விலங்கும் குருத்தைத் தின்று தீர்த்தன. காட்டோரத்துக் கிராமத்தார் எல்லோருக்கும் இது தெரிந்திருந்தது. அவர்களைக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

வட கன்னடத்தில் மூங்கில் தேய்ந்தபோது ஆலைகள் மேலும் மேலும் தொலைவிலிருந்து மூங்கில் கொண்டு வந்தன, மரக்கூழுக்கும் மாறின. லாரி போகும், ரயில் போகும். கூடை முடைபவன் எங்கே போவான்?

இப்போது இன்னொரு சொல்லுக்கு வருவோம். ‘தரிசு.’

1984 நவம்பரில் கர்நாடக அரசும் ஹரிஹர் பாலிபைபர்ஸ் கம்பெனியும் சேர்ந்து ஒரு கூட்டு நிறுவனம் அமைக்க உடன்பாடு செய்தன. பெயர் கர்நாடகா பல்ப்வுட் லிமிடெட். அரசின் வன வளர்ச்சிக் கழகத்துக்கு 51 சதவீதம், கம்பெனிக்கு 49. வேலை என்ன? தார்வாட், ஷிமோகா முதலிய மாவட்டங்களில் ஏறத்தாழ 30,000 ஹெக்டேர் பொது நிலத்தில் தைல மரமும் அதுபோன்ற வேகமாக வளரும் மரங்களும் நட்டு, துங்கபத்திரைக் கரையில் இருந்த ரேயான் கூழ் ஆலைக்குக் கொடுப்பது. குத்தகை 40 ஆண்டு. அரசின் பைல்களில் அந்த நிலங்கள் ‘சி’, ‘டி’ வகுப்பு நிலங்கள். அதாவது உபயோகமில்லாதவை. அந்தத் தரிசில்தான் கிராமத்து மாடுகள் மேய்ந்தன. அங்கிருந்துதான் விறகும் தழையும் வேலிக் கம்பும் கலப்பை மரமும் வந்தன. நிலமில்லாதவனின் நிலம் அது. அரசுக்கு 51 சதவீதம் இருப்பதால் இது பொதுத்துறை மாதிரி தோன்றும். மரம் முழுக்க ஒரே வாசலுக்குப் போகும் ஏற்பாட்டில் 51க்கு என்ன அர்த்தம் என்று கிராமத்தார் கேட்டார்கள்.

இந்த உடன்பாட்டில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. செயலாளர்கள் கையெழுத்திட்டார்கள். பத்திரிகைக் குறிப்பு வந்தது. காடு வளர்ப்பு என்றுதான் சொன்னார்கள். மரம் நடுவதை யார் எதிர்ப்பார்கள்? ஒரு வருஷம் முன்னதாக 1983ல் தும்கூர் மாவட்டத்தில் விவசாயிகள் சங்கத்தார் வனத்துறை நாற்றங்காலுக்குள் புகுந்து தைல மரக் கன்றுகளைப் பிடுங்கி எறிந்தபோது நகரத்துப் படிப்பாளிகள் அவர்களை மரத்தின் விரோதிகள் என்றார்கள்.

தார்வாட் பக்கத்தில் சமாஜ பரிவர்த்தன சமுதாய என்ற அமைப்பு இந்த வழக்கை எடுத்தது. எஸ்.ஆர். ஹிரேமத் அதன் முன்னணியில் இருந்தார். 1986ல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். மனுதாரர்களில் ஒருவர் கன்னட எழுத்தாளர் சிவராம காரந்த். ஞானபீடப் பரிசு பெற்றவர், எண்பதைத் தாண்டியவர். மேய்ச்சல் நிலத்துக்காகக் கோர்ட்டில் மனுதாரராக நின்றார். நம் ஞானபீடக்காரர்களை நினைத்துப் பார்த்தேன், வேண்டாம். 1987ல் கோர்ட் நிலத்தை ஒப்படைப்பதற்குத் தடை விதித்தது. அதன் பிறகும் நடவு நிற்கவில்லை. 1987 நவம்பர் 14 அன்று குஸ்னூர் கிராமத்தில் ஆண்களும் பெண்களுமாகத் திரண்டார்கள். போராட்டத்தின் பெயர் ‘கித்திகோ–ஹச்சிகோ’. பிடுங்கு, நடு என்று பொருள். தைல மரக் கன்றைப் பிடுங்கிய அதே குழியில் பழ மரமும் தீவன மரமும் நட்டார்கள். மரத்தின் விரோதிகள் என்று இந்த முறை யாராலும் சொல்ல முடியவில்லை. 1991ல் அரசு அந்தக் கூட்டு நிறுவனத்தைக் கலைக்க முடிவெடுத்தது.

இதற்கிடையில் டெல்லியில் இரண்டு மாற்றங்கள் நடந்தன. 1988ல் வனப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி, காட்டு நிலத்தைத் தனியாருக்குக் குத்தகைக்கு விட வேண்டுமானால் மத்திய அரசின் அனுமதி வேண்டும் என்று சேர்த்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் வந்த தேசிய வனக் கொள்கை, ஆலைகளுக்குச் சலுகை விலையில் காட்டுப் பொருள் கொடுப்பது நிற்க வேண்டும் என்றது. தனக்கு வேண்டிய மரத்தை ஆலை விவசாயிகளோடு நேரடித் தொடர்பு வைத்து வளர்த்துக்கொள்ளட்டும் என்றது. தொழில்துறைக்கு இது அதிர்ச்சி. ஆனால் கதவு சாத்தப்பட்டதால் நடந்தது என்ன தெரியுமா? ஆலைகள் உண்மையிலேயே விவசாயிகளிடம் போயின. ஆந்திரத்தில் பத்ராசலம் ஆலை நல்ல ரகக் கன்றுகளை உருவாக்கி உழவர்களுக்குக் கொடுத்தது. மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். தமிழ்நாட்டில் கரும்புச் சக்கையை நம்பி எழுந்த புகளூர் காகித ஆலையும் பிற்காலத்தில் சவுக்குக்கும் தைல மரத்துக்கும் விவசாயிகளைத் தேடிப் போனது. இன்று இந்தியக் காகித ஆலைகளுக்குப் போகும் மரத்தில் பெரும்பங்கு விவசாயிகளின் வயலில் விளைவது. இதை ஆலைக்காரர்களே பெருமையாகச் சொல்கிறார்கள். சொல்லட்டும், உண்மைதான்.

அப்படியானால் காட்டு நிலத்தை ஏன் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்? தொண்ணூறுகளின் நடுவில் கேட்டார்கள். ‘சீரழிந்த காடுகளை’ ஆலைகளுக்குக் குத்தகைக்கு விடும் யோசனை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்திலேயே உருவானது. எதிர்ப்புக் கிளம்பியதும் திட்டக் கமிஷன் ஒரு குழு அமைத்து ஆராய்ந்தது. 1998ல் அந்தக் குழு வேண்டாம் என்று சொன்னது. 2015ல் மறுபடி அதே யோசனை ‘தனியார் பங்கேற்பு’ என்ற பெயரில் வந்தது. 2018ல் வெளியான வனக் கொள்கை வரைவில் மறுபடி. 2019ல் வனச் சட்டத்தைத் திருத்த வெளியிட்ட வரைவில் ‘உற்பத்திக் காடு’ என்று ஒரு புதிய வகை. அந்த வரைவை அவ்வாண்டு நவம்பரில் வாபஸ் வாங்கினார்கள். அமைச்சர்கள் மாறினார்கள், கட்சிகள் மாறின. கோரிக்கை மட்டும் மாறவில்லை. ஒரு மனுவுக்கு இருபது வருஷம் காத்திருக்கும் பொறுமை நிறுவனங்களுக்கு உண்டு. இயக்கம் நடத்துகிறவனுக்கு வயதாகிவிடும், கம்பெனிக்கு வயதாவதில்லை.

இதில் நானும் கொஞ்சம் உடந்தை. சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தொழில் அமைப்பு, பெயர் வேண்டாம், ஒரு சிறு வெளியீட்டைத் தமிழாக்கிக் கொடுக்கச் சொன்னது. ஆங்கிலத்தில் இருந்ததை ‘சீரழிந்த காடு’ என்று எழுதினேன். மறுநாள் போன் வந்தது. “மேடம், மொழிபெயர்ப்பு பிரமாதம். காடு என்ற வார்த்தை மட்டும் கொஞ்சம் உறுத்துகிறது. பயன்படாத நிலம் என்று போட்டுவிடலாமா?” ஆங்கில மூலத்தில் அப்படி இல்லையே என்றேன். தமிழ் வாசகருக்கு எளிமையாக இருக்கும் என்றார்கள். போட்டேன். எட்டு பக்கத்தில் பதினொரு இடம். பணம் சொன்ன தேதியில் வந்தது. இத்தனை வருஷ மொழிபெயர்ப்பு வாழ்க்கையில் சொன்ன தேதியில் பணம் வருவது அபூர்வம் என்பதால் அது நன்றாக நினைவிருக்கிறது.

சீரழிந்த காடு என்றால் யார் சீரழித்தார்கள் என்று ஒரு கேள்வி வரும். மறுபடி காடாக்க முடியுமா என்று இன்னொன்று வரும். பயன்படாத நிலம் என்றால் இரண்டும் வராது.

காட்டு நிலம் மலிவாகக் கிடைத்தால் அடிபடுவது மாடு மேய்ப்பவன் மட்டுமல்ல. வயலில் மரம் வைத்திருப்பவனும் அடிபடுவான். வனத்துறை உயரதிகாரிகளோடு மல்லுக்கட்டிய ஐ.ஏ.எஸ். அதிகாரி என்.சி. சக்சேனா இதைத்தான் தொண்ணூறுகளில் விடாமல் எழுதினார். எண்பதுகளில் பஞ்சாப், ஹரியானா, மேற்கு உத்தரப் பிரதேச விவசாயிகள் தைல மரத்தை நம்பி நட்டார்கள்; அறுவடைக்கு வந்தபோது விலை விழுந்தது. ஆலைகளுக்குத்தான் காட்டிலிருந்து சலுகை விலையில் சரக்கு வந்துகொண்டிருந்ததே!

ஆனேக்கல்லில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவருக்கு மூன்று ஏக்கரில் தைல மரம் இருக்கிறது. (ஆனேக்கல் என்றால் யானைக்கல் என்று நாம் நினைப்போம். கன்னடத்தில் ஆலங்கட்டி என்று அர்த்தம் உண்டு. யானைக்கும் பஞ்சமில்லை.) “ராகி போட்டால் ஆள் கிடைக்கிறதில்லை. கிடைச்சு விளைஞ்சாலும் பன்னேர்கட்டாவிலிருந்து யானை வந்துடும். நீலகிரி போட்டா யானை தொடாது. வெட்ட வெட்டத் துளிர்க்கும்” என்கிறார். இங்கே தைல மரத்துக்கு நீலகிரி என்றே பெயர். கிணறு வற்றியதற்கு அந்த மரம்தான் காரணம் என்று பக்கத்து நிலத்துக்காரருக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. வெட்டு வருஷத்தில் கான்ட்ராக்டர் வந்து தோப்பைச் சுற்றிப் பார்த்து மொத்தமாக ஒரு தொகை சொல்வார். பருத்தது சாரம் கட்டப் போகும், மற்றது கூழுக்கோ அடுப்புக்கோ. “கூழ் ஆலை டன்னுக்கு என்ன கொடுக்கிறது?” என்று கேட்டேன். “அது கான்ட்ராக்டருக்குத்தான்மா தெரியும்” என்றார். மரத்தின் சொந்தக்காரருக்கு மரத்தின் விலை தெரியாது. அவருக்குச் சங்கம் கிடையாது, டெல்லியில் ஆபீஸ் கிடையாது. அவருக்காகப் புள்ளிவிவரம் தயாரிப்பவர் கிடையாது.

2017ல் கர்நாடக அரசு, நிலத்தடி நீர் போகிறது என்று சொல்லித் தைல மரமும் அக்கேசியாவும் புதிதாக நடுவதற்குத் தடை போட்டது. பெரியவருக்கு அது ஒரு அடி. ஆனால் அரசின் கொள்கை எல்லோருக்கும் ஒரே மாதிரி வளைவதில்லை என்பதை அறிய பத்ராவதிக்குப் போக வேண்டும்.

பத்ராவதியில் மைசூர் காகித ஆலை 1936ல் மைசூர் மகாராஜா காலத்தில் பிறந்தது. பள்ளிக்கூட நோட்டும் பத்திரிகைக் காகிதமும் செய்தது. பிறகு அரசு நிறுவனமானது. 1980ல் ஷிமோகா சுற்றுவட்டாரத்தில் ஆயிரக்கணக்கான ஹெக்டேர் காட்டு நிலம் 40 ஆண்டுக் குத்தகைக்கு அதற்குக் கொடுக்கப்பட்டது. கூழ் மரம் வளர்க்க. மலைநாட்டின் காடு இருந்த இடங்களில் வரிசை வரிசையாக அக்கேசியா நின்றது. நஷ்டம் ஏறி, சுமார் பத்தாண்டுகளுக்கு முன் ஆலை உற்பத்தியை நிறுத்தியது. 2020ல் குத்தகைக் காலம் முடிந்தது. காகிதமே செய்யாத ஆலைக்குக் கூழ் மரம் எதற்கு, நிலத்தைக் காடாக விடுங்கள் என்று மலைநாட்டு மக்கள் கேட்டார்கள். ‘எங்கள் ஊருக்கு அக்கேசியா வேண்டாம்’ என்பது அவர்கள் இயக்கத்தின் பெயராகவே ஆனது. அந்த ஆண்டு நவம்பரில் மாநில அரசு என்ன செய்தது? ஏறத்தாழ இருபதாயிரம் ஹெக்டேருக்குக் குத்தகையை மேலும் 40 ஆண்டு நீட்டித்தது! ஆலையைத் தனியாரிடம் கொடுப்பதானால் நிலமும் கூட இருந்தால்தான் யாராவது வாங்க வருவார்கள் என்பது அரசுத் தரப்பில் சொன்ன நியாயம். எந்தக் கம்பெனியும் வந்து கேட்டதாகத் தகவல் இல்லை. வரப்போகிற ஒரு கம்பெனிக்காக அரசே முன்கூட்டி லாபி செய்துகொண்டது. இதற்கும் ஒரு தமிழ்ச் சொல் தேவை.

யார் யாருக்காக லாபி செய்தார்கள், எதற்காக, எவ்வளவு செலவில் என்று பதிவு செய்ய அமெரிக்காவில் 1995லிருந்து சட்டம் இருக்கிறது. அதனால் அங்கே மர வியாபாரிகள் உத்தமர்களாகிவிடவில்லை. ஆனால் கணக்கை எடுத்துப் பார்க்கலாம். இங்கே அப்படி ஒரு பதிவேடு கிடையாது. கட்சிகளுக்குக் கம்பெனிகள் நன்கொடை கொடுப்பதை 1969ல் தடை செய்தோம், 1985ல் அனுமதித்தோம். 2018ல் தேர்தல் பத்திரம் என்று பெயர் தெரியாமல் கொடுக்க வழி செய்தோம். 2024 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் அதை ரத்து செய்த பிறகுதான் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற பட்டியலைப் பார்த்தோம். அந்தப் பட்டியலும் பணத்தைத்தான் சொன்னது. சட்ட வரைவில் ஒரு சொல் எந்த அறையில் மாறியது என்பதைச் சொல்லும் பட்டியல் இன்னும் எழுதப்படவில்லை. ஆனேக்கல்காரர்களுக்கு இந்த விஷயம் புரியும். பன்னேர்கட்டா தேசியப் பூங்காவைச் சுற்றிச் சூழல் பாதுகாப்பு வளையம் என்று 2016 வரைவில் 268.96 சதுர கிலோமீட்டர் இருந்தது. மாநில அரசின் பரிந்துரைப்படி 2018 வரைவிலும் 2020 இறுதி அறிவிப்பிலும் அது 168.84 ஆகிவிட்டது. நடுவில் நூறு சதுர கிலோமீட்டர். கல் குவாரியும் லேஅவுட்டும் எந்தப் பக்கம் இருக்கின்றன என்று வரைபடத்தைப் பார்த்தால் போதும், யாரையும் கேட்க வேண்டியதில்லை.

மூங்கில் என்ன ஆயிற்று? 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மூங்கிலைச் சிறு வனப்பொருள் என்றது. அதாவது காட்டில் வாழ்பவர்களுக்கு உரிமையானது. அப்படியும் வனத்துறை மரம் என்றே சாதித்தது. மகாராஷ்டிரத்தில் கட்சிரோலி மாவட்டத்து மேந்தா லேகா என்ற கோண்டு கிராமம் தன் காட்டு மூங்கிலைத் தானே விற்க அனுமதிச் சீட்டு கேட்டு அலைந்தது. அந்த மாவட்டத்து மூங்கில் காலம் காலமாகப் பல்லார்பூர் காகித ஆலைக்குக் குத்தகையாகப் போய்க்கொண்டிருந்தது. 2011 ஏப்ரலில் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நேரில் போய்ச் சீட்டுப் புத்தகத்தைக் கிராமத்தார் கையில் கொடுக்க வேண்டியிருந்தது. ஆலை கொடுத்ததைவிடப் பல மடங்கு விலைக்குக் கிராமம் விற்றது. 2017 நவம்பரில் ஓர் அவசரச் சட்டம், காட்டுக்கு வெளியே வளரும் மூங்கில் மரமல்ல என்றது. 1927லிருந்து எண்ணினாலும் சரியாக 90 வருஷம். காட்டுக்குள் இருப்பது? அந்தச் சட்டத்தில் அது இன்னும் வனப்பொருள்தான். வேலிக்கு இந்தப் பக்கம் புல், அந்தப் பக்கம் வனப்பொருள். தொல்காப்பியருக்கு இந்த நுட்பம் பிடிபட்டிருக்காது.

இதையெல்லாம் அஜ்ஜியிடம் சொல்ல முயன்றேன். என் கன்னடத்தில் பாதிதான் போய்ச் சேர்ந்தது. வெளியே வளர்வதை வெட்டலாம் என்பது மட்டும் அவருக்குப் புரிந்தது. “வெளியே எங்கேம்மா வளருது? வெளியே எல்லாம் நீலகிரியும் வீடும்தானே?” என்று கேட்டுவிட்டு, பிளந்து வைத்திருந்த தப்பையை எடுத்துச் சீவ ஆரம்பித்தார். ஒரு முறம் வாங்கினேன். நூற்றைம்பது ரூபாய். பேரம் பேசவில்லை. மூங்கில் டெம்போ வாடகை போக அதில் அவருக்கு எவ்வளவு நிற்கும் என்று கேட்டபோது, விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, முப்பது நிற்கும் என்றார்.